ஆறேகால் மணிக்குச் சொன்ன பதில்

செல்வமலர் பொய் சொல்லமாட்டாள். இதை நான் மட்டும் சொல்லவில்லை, டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்கச் சொல்லும். கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், எல்லோரும் "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது இவள் ஒருத்தி "சோறு குழைஞ்சுபோச்சு" என்பாள். அதுவும் பொம்பிளையின் தாயிடமே. நாங்கள் இருவரும் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருநாள் ஒரு டேனிஷ் கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒருவரும் காணவில்லை. கிழவிக்கே ஞாபகமில்லை. இவள் நேரே போய், "நான் கையை விட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"விசரி, உனக்கென்ன தலைவிதியே?" என்று ஏசினேன்.

"விழுந்தது உண்மைதானே அக்கா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவள் போன வருடம் கார்த்திகை மாதத்தில் ஒருநாள், விடியக்காலை ஆறேகால் மணிக்கு, தன் வீட்டு வாசலில் நின்று ஒரு பொய் சொன்னாள். அந்த ஒரு பொய்யால் அவளுடைய ஒரே மகன் சிந்துஜனுக்கு நான்கு வருடம் விளையாடத் தடை வரப்பார்த்தது. நான் மேரிசெலின். அந்தக் காலையில் நானும் அந்த வீட்டுக் குசினிக்குள் இருந்தேன். சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

சிந்துஜனுக்கு இருபத்தொரு வயது. ஆறு வயதில் பட்மின்டன் மட்டையைப் பிடித்தவன். தாய் வேலை முடிந்த கையோடு, உடுப்பு மாற்றாமல், அவனை ஏற்றிக்கொண்டு ஸ்கீவ, விபோர்க் என்று ஊர் ஊராக, மண்டபம் மண்டபமாகத் திரிந்தாள். பெடியன் விளையாடுவான், இவள் படிக்கட்டில் இருந்தபடியே நித்திரை கொள்வாள். கைதட்டல் கேட்டால் திடுக்கிட்டு எழும்பித் தானும் தட்டுவாள், சில நேரம் மற்றப் பக்கத்துக்கு. பதினெட்டு வயதில் தேசியக் குழுவின் பயிற்சிக்கு அவனை எடுத்தார்கள். கொப்பன்ஹேகன் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் குழுவில் சேர்ந்தவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தினமும் ஒரு மணித்தியாலம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே போனில் பதிந்துவைக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் எந்த நாளும் வரலாம். சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். வந்தால் அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே சலம், அதாவது மூத்திரம், கொடுக்கவேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஒரு தவறு என்று எழுதுவார்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் தடை. ஆனால் ஆள் வீட்டில் இருந்துகொண்டே ஒளித்துவிட்டான் என்று கண்டால் மூன்று வரைக்கும் எண்ணத் தேவையில்லை, ஒன்றே போதும். வேண்டுமென்றே ஊக்கமருந்து எடுத்தவனுக்கு என்ன தண்டனையோ அதே நான்கு வருடம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பட்டுத்தான் படித்தேன்.

சிந்துஜன் காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி என்று பதிந்திருந்தான். அந்த நேரத்தில் எப்படியும் படுக்கையில்தானே கிடப்பான். கொப்பன்ஹேகன் அறைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார்கள். ஹொல்ஸ்டெப்ரோ வீட்டுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. தாய்க்கு எப்போதோ ஒருநாள் பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் விளங்கப்படுத்தினானாம். அவள் அது ஏதோ விளையாட்டு மண்டபத்தில் நடக்கிற சங்கதி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவனுடைய தகப்பன் மகேந்திரராசாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். அதற்காகப் பெடியன் வெள்ளி இரவு ரயிலில் வந்து இறங்கினான். ரயிலில் இருந்தபடியே போனில் விலாசத்தையும் மாற்றிவிட்டான், அந்தளவுக்கு ஒழுங்கான பிள்ளை. மகேந்திரராசாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஆகவே விடியக்காலையில் மேலே மகன் நித்திரை, கீழே செல்வமலர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறாள். வெளியே கும்மிருட்டு.

மணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். கழுத்தில் அட்டை, கையில் பை. அந்த மனிதர் அட்டையைத் தூக்கிக் காட்டினார், எங்கிருந்து வருகிறோம் என்றும் சொன்னார். அவள் காதில் அது ஏறவேயில்லை. அவளுக்குக் கேட்டது பிறகு அவர் சொன்னது மட்டும்தான்.

"இவ்வளவு வெள்ளென வந்ததுக்கு மன்னிக்கவேண்டும். சிந்துஜன் நிற்கிறாரா? ஒரு சின்னச் சோதனைதான், பயப்பட ஒன்றுமில்லை" என்று சிரித்த முகத்தோடு கேட்டார்.

"அவர் இல்லை" என்றாள் செல்வமலர். "நேற்றிரவு ஓர்ஹுஸுக்குப் போய்விட்டார். சிநேகிதன் வீட்டுக்கு. கடைசி ரயிலில் போனவர். நாளைக்குப் பின்னேரம்தான் வருவார்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர்கள் போகவில்லை. எதிரே காருக்குள் ஏறி, ஏழு மணிவரை காத்திருக்க இருந்துகொண்டார்கள். அது அவர்களுடைய சட்டம்.

ஆறரைக்கு நான் போனேன். இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போவோம். வீட்டில் ஒரு லைற்றும் இல்லை. வீட்டின் பக்கவாட்டுக் கதவு ஒரு கை அளவுக்குத் திறந்தது.

"அக்கா, வாசல்ல தம்பியின்ரை சப்பாத்துக் கிடக்குது. அதை எடுத்துக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ. லைற்றைப் போடாதேங்கோ" என்று செல்வமலரின் குரல் கேட்டது. மகனை அவள் தம்பி என்றுதான் சொல்வாள்.

நான் எதிரே நின்ற காரைப் பார்த்தேன். உள்ளே இரண்டு தலை. போய்ச் சப்பாத்துகளை எடுத்துக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் எனக்கும் இரண்டு அண்ணன்மார் இருந்தவர்கள். இருட்டில் ஒரு கார் நிற்கிறது, ஒருத்தி மெல்லிய குரலில் ஒளிக்கச் சொல்கிறாள் என்றால், எங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. கோதாரி, அந்த நேரம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

குசினி நிலத்தில் இருவரும் இருந்தோம். தலைமாட்டில் போனை வைத்தால் தலையிடி வரும் என்பது அவளுடைய சட்டம். அதனால் சிந்துஜனின் போன் குசினியில்தான் சார்ஜில் கிடந்தது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது மின்னியது. தெரியாத நம்பர். அவள் எழும்பி அதை நிறுத்திக் கவிழ்த்து வைத்தாள். ஏழு மணிக்குக் கார் புறப்பட்டது.

"போட்டாங்கள்" என்றாள். இருபத்தாறு வருடமாக அவளைத் தெரியும், அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. நானும் மாதாவுக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டேன். என்னுடைய விசர்த்தனத்துக்கு மாதா என்ன செய்வா?

ஐந்து நிமிடம் கழித்துப் பெடியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான். அவள் தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தபடி, "தம்பி, உன்னைத் தேடி ரெண்டு பேர் வந்தவங்கள். நீ இல்லையெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்" என்றாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"யார்?" என்று டேனிஷில் கேட்டான். அவள் கழுத்து அட்டையைச் சொன்னாள், பையைச் சொன்னாள். அவன் போனைப் புரட்டிப் பார்த்தான். அடுத்த நிமிடம் காலுறையோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். நிலம் முழுக்க உறைபனி. மூலைவரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்து படியில் இருந்து அந்த நம்பருக்கு அடித்தான். நேரம் முடிந்துவிட்டது, அறிக்கை எழுதுகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார்கள்.

தாய் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். எதற்கும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அன்றைக்குத் தமிழில் கேட்டான்.

"அம்மா, நீங்கள் என்ன செய்துபோட்டீங்கள் எண்டு தெரியுமோ?"

அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவன் விளங்கப்படுத்தினான். பின்னேரம் பிறந்தநாள் கேக் வெட்டும்போது அவள் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள், நடுவில் போய்க் குளியலறையில் சத்தி எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பரிசோதகர்களே கொப்பன்ஹேகன் அறைக்குப் போய்ச் சலம் எடுத்தார்கள். சுத்தம். "அப்ப பிரச்சினை முடிஞ்சுதே?" என்று கேட்டேன். முடியவில்லை. செவ்வாய்க்கிழமைச் சலம் சனிக்கிழமைக்குப் பதில் சொல்லாதாம். சலத்தில் மருந்து இருந்ததா என்று இந்த வழக்கில் ஒருவருமே கேட்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். ஒளித்தானா இல்லையா என்பதுதான் கேள்வி.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. தற்காலிகத் தடை. கிளப் மண்டபத்தில்கூடக் கால் வைக்கக்கூடாது. காரணங்கள் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தன. வாசலில் பெரிய ஆண் சப்பாத்துகள் இருந்தன, பிறகு இன்னொரு பெண் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு போனார் (அந்த இன்னொரு பெண் நான்தான்), போன் ஒலித்தபோது நிறுத்தப்பட்டது. எல்லாவற்றிலும் பெரிய காரணம் அவள் சொன்ன பதில். ஒரு தாய் திடுக்கிட்டுப் பொய் சொல்வதென்றால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு நின்றிருக்கும், சிநேகிதன் வீடு, கடைசி ரயில், நாளைப் பின்னேரம் என்று இவ்வளவு விபரமும் யோசிக்காமல் ஒரு நொடியில் வராது, மகனே முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாசித்தபோது, அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறதே என்று எனக்கே பட்டது. விளையாட்டு வீரருக்குத் துணைபோகிறவர்களையும் தடைசெய்ய அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறதாம், தாயும் அதில் அடக்கமாம். என்னையும் தடைசெய்வார்களோ என்று நினைத்தேன். எதிலிருந்து? இடியப்பம் புழிவதிலிருந்தா?

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமா? "ஊசி போட்டு விளையாடினவனாம்" என்று தமிழ்க் கடையில் ஒருத்தி சொல்ல, நான் கத்தரிக்காயை வைத்துவிட்டு அவளுக்குக் குடுத்த ஏச்சில் அவள் கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டாள். ஆனால் எத்தனை பேருக்கு அப்படிக் குடுப்பது? சிந்துஜன் வீட்டோடு வந்துவிட்டான். ஆற்றங்கரையில் தனியே ஓடுவான், வந்து அறைக்குள் போய்விடுவான். தாயை அவன் ஒருநாளும் ஏசவில்லை. சாப்பாடு வைத்தால் "தாங்ஸ் அம்மா" என்பான், வெளியார் வீட்டில் சாப்பிடுகிறவனைப் போல. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வழக்கை எடுத்தவள் கஜந்தி. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை, சட்டம் படித்தவள், கெட்டிக்காரி. தமிழ் விளங்கும், கதைக்கவும் செய்வாள். அவள் செல்வமலரை இருத்தி வைத்து மூன்று மணித்தியாலம் கேட்டாள்.

"ஏன் அன்ரி அப்பிடிச் சொன்னீங்கள்?"

"தெரியேல்லை பிள்ளை. வாயில வந்திட்டுது."

"தெரியேல்லை எண்டு அங்கை சொன்னால் அவன் முடிஞ்சான் அன்ரி. இருபத்தஞ்சு வயசில திரும்பி வந்து என்னத்தை விளையாடுறது?"

செல்வமலர் எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் மற்றவனையும் சேர்த்துக் கெடுப்பேன். கஜந்தியைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"பிள்ளை, அவளுக்கு ஒரு தமையன் இருந்தவர். ஆமி தேடி வரேக்கை இவள்தான் வாசல்ல நிண்டு, இல்லையெண்டு சொல்லி அனுப்பினவள். பதினாலு வயசிலயே அப்பிடிச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அதுதான் இஞ்சையும் வந்திட்டுது."

இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தமையன் ஒருவர் இருந்தார், அவர் இப்போது இல்லை என்பது மட்டும் மகேந்திரராசா எப்போதோ சொல்லித் தெரியும். எனக்குத் தெரிந்த பத்து வீட்டில் அப்படித்தான் நடந்தது, பதினோராவது வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானே கட்டிவிட்டேன். கஜந்தியின் முகம் மலர்ந்தது. இதுதான் வேண்டும், இதை ஏன் அன்ரி சொல்லவில்லை என்றாள். சொல்லக் கவலையாக்கும் என்றேன்.

அவள் அதை அழகான டேனிஷில் சாட்சியின் வாக்குமூலமாக எழுதி, செல்வமலரின் போனுக்குக் கையொப்பத்துக்கு அனுப்பினாள். அப்போது நாங்கள் இல்லத்தில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தோம். இங்கே கையொப்பம் என்றால் போனில் ஒரு இழுவை. கொம்யூன் என்கிற நகரசபையில் இருந்து வந்தாலும் வங்கியில் இருந்து வந்தாலும் இழுத்துவிட்டுப் போவதுதான் எங்கள் பழக்கம். எங்கள் பிள்ளை எழுதியதை வேறு வாசிப்பதா?

"அஞ்சு பக்கம் இருக்கக்கா" என்றாள்.

"அமத்தடி. சரியாத்தான் எழுதியிருப்பாள்" என்றேன்.

அமத்தினாள்.

விசாரணை தை மாதத்தில். மகேந்திரராசா காரை ஓட்டினார், விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு, பெரிய பாலத்தைக் கடந்து கொப்பன்ஹேகனுக்குப் போனோம். நீதிமன்றம் மாதிரி இருக்கும் என்று நினைத்துச் சீலை உடுத்திக்கொண்டு போனேன். பார்த்தால் சாதாரண அலுவலக அறை. நீள மேசை, கோப்பி, பிஸ்கட். ஒரு பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தது ஒரு நீதிபதி அம்மா. மற்றப் பக்கம் குற்றம் சாட்டுகிற மனிதர், மெல்லிய குரல்காரர். மொழிபெயர்க்க விபோர்க்கில் இருந்து அந்தோனிதாசன் வந்திருந்தார். தொடங்க முன்னம் நீதிபதி அம்மா ஒன்று சொன்னா. இங்கே வேண்டுமென்று பொய் சொல்வதும் ஊக்கமருந்து எடுப்பதைப் போன்ற குற்றம்தான், அது சிந்துஜனின் வழக்கையும் கெடுக்கும்.

முதலில் என்னைக் கேட்டார்கள். "காரணம் கேட்காமல் ஏன் சப்பாத்துகளை எடுத்தீர்கள்?"

"காரணம் கேட்டுக்கொண்டு நிண்டவையின்ரை பிள்ளையள் இப்ப இல்லை" என்றேன். அந்தோனிதாசன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். என்னைப் பின்னால் போய் இருக்கச் சொன்னார்கள்.

பிறகு செல்வமலர். நீதிபதி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாக்குமூலத்தை வாசித்தா. அந்தோனிதாசன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பதினான்கு வயதில், படையினர் உங்கள் தமையனைத் தேடி வந்தபோது, அவர் வீட்டில் இல்லை என்று சொல்லி அவரைக் காப்பாற்றினீர்கள். அந்தப் பழக்கத்தாலேயே அன்று காலையும் அவ்வாறு சொன்னீர்கள். இது சரிதானா?"

செல்வமலர் திரும்பி என்னைப் பார்த்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் கட்டிய கதை அவளுடைய கையொப்பத்தோடு மேசையில் கிடக்கிறது. கஜந்தி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஓம்" என்று ஒரு சொல் போதும். பெடியன் தப்பிவிடுவான். ஒருவரும் யாழ்ப்பாணம் போய் விசாரிக்கப்போவதில்லை. சொல்லடி, சொல்லடி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், பொய் சொல்லும்படிதான் கெஞ்சினேன்.

"இல்லை" என்றாள் செல்வமலர்.

கஜந்தியின் முகம் வெளிறியது. மெல்லிய குரல்காரர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"உதை நான் சொல்லேல்லை. நான் வாசிக்காமல் அமத்தினனான். அது என்ரை பிழை."

"அப்படியென்றால் என்ன நடந்தது?" என்று நீதிபதி அம்மா கேட்டா.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரல் உயரவில்லை.

"அப்ப விடியப்புறம் ஆமியில இருந்து ரெண்டு பேர் வந்தவங்கள். ஒருத்தன் தமிழ் கதைச்சவன், நல்ல மரியாதையா. 'தங்கச்சி, அண்ணா நிக்கிறாரோ? ஒரு சின்ன விசாரணைதான், பயப்பிட ஒண்டுமில்லை' எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டவன். அம்மா கிணத்தடியில நிண்டவ. நான் 'ஓம், நிக்கிறார், படுத்திருக்கிறார்' எண்டு சொன்னனான். கதவையும் நான்தான் திறந்துவிட்டனான். பிறகு அண்ணை வரவேயில்லை. நான் சொல்லித்தான் பிடிச்சவங்கள் எண்டு அம்மாவுக்குச் சாகுமட்டும் தெரியாது. இவருக்கும் தெரியாது."

மகேந்திரராசா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் யோசிச்சனான், என்ன சொல்லியிருக்கலாம் எண்டு. 'அண்ணை இல்லை. நேற்றுப் பின்னேரம் சாவகச்சேரிக்குப் போட்டார். சிநேகிதன் வீட்டை. கடைசி பஸ்ஸில போனவர். நாளைக்குப் பின்னேரம்தான் வருவார்.' இப்பிடிச் சொல்லியிருந்தால் போயிருப்பாங்கள். முப்பத்தேழு வருசமா அதைப் பாடமாக்கி வச்சிருந்தனான். இந்தச் சோதனைக்கார ஐயா வந்து அதேமாதிரி மரியாதையாக் கேட்டவுடனை அது தானா வந்திட்டுது. சாவகச்சேரிக்குப் பதிலா ஓர்ஹுஸ். பஸ்ஸுக்குப் பதிலா ரயில். அவ்வளவுதான். தம்பி ஒண்டும் சொல்லித் தரேல்லை. அவர் சத்தம்போட்டுக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பன்."

அந்தோனிதாசன் டேனிஷில் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். அந்த மூன்று பேருக்கும் இன்னும் விளங்கவில்லை. சிந்துஜனுக்கு விளங்கிவிட்டது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பித் தாயின் பக்கத்தில் போய் இருந்தான். இருக்கலாமா என்று அவன் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒருவரும் தடுக்கவும் இல்லை.

அன்று பின்னேரமே திரும்பினோம். பாலத்தில் ஏறியபோது மகேந்திரராசா சொன்னார்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் என்னைக் கட்டியிருப்பியளோ?" என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கமான யூலாந்துக்குள் ஏறும்வரைக்கும் அந்த மனிதர் வாய் திறக்கவேயில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

வழியில் பெற்றோல் போட நிறுத்தியபோது நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னைக் கொல்லடி. என்ரை நாக்கை அறுத்து எறி" என்று அழுதேன்.

"விடுங்கோ அக்கா" என்றாள். "நீங்கள் சொன்னமாதிரி நடந்திருந்தால் எவ்வளவு நல்லம்."

மூன்று கிழமை கழித்துக் கஜந்தி போனில் கத்தினாள். ஒளித்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஒரு தவறு என்று மட்டும் பதிவார்கள். திங்கட்கிழமையே பயிற்சிக்குப் போகலாம். சிந்துஜன் தாயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், தகப்பனும் சிரித்தார். நான் அழுதேன், எனக்கு எதற்கும் கண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை ரயிலேற்றி அனுப்பினோம்.

அடுத்தநாள் செல்வமலர் என்னைக் கூப்பிட்டாள். தீர்ப்பு முழுவதையும் கடுதாசியில் எடுத்து வைத்திருந்தாள், பன்னிரண்டு பக்கம். "ஒரு வரியும் விடாமல் தமிழில சொல்லுங்கோ. இனி நான் தெரியாமல் ஒண்டும் வச்சிருக்கமாட்டன்" என்றாள். குசினி மேசையில் இருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: சாட்சியின் கூற்று நம்பத்தக்கது என்று குழு காண்கிறது. தனது சகோதரன் வீட்டில் இருப்பதைச் சாட்சியே படையினருக்குத் தெரிவித்தார் என்பதையும், அவர்கள் அவரைக் கொண்டுசென்றார்கள் என்பதையும், அதன்பின் அவர் காணப்படவில்லை என்பதையும் குழு உண்மையென ஏற்கிறது.

"திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தேன்.

"உதை எல்லாரும் பாக்கலாமோ?"

"இன்டர்நெற்றில போடுவினமாம். பேருகள் இல்லாமல்தான், பயப்பிடாதை. உன்ரை பேரும் இல்லை, தம்பியின்ரை பேரும் இல்லை."

"அண்ணையின்ரை பேர்?"

முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிப் பார்த்தேன். "இல்லையடி. சாட்சியின் சகோதரன் எண்டுதான் கிடக்குது."

அவள் கடுதாசியைத் தன் பக்கம் இழுத்து, தனக்குச் சரியாக வாசிக்கத் தெரியாத அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டாள்.

"பிடிச்சதுக்கு ஒரு கடுதாசித் துண்டு தரேல்லை. செத்ததுக்கும் துண்டில்லை. அம்மா ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரா ஏறி இறங்கினவ. அப்பிடி ஒருத்தரைப் பிடிக்கேல்லை எண்டுதான் எல்லா இடத்திலயும் சொன்னவங்கள்" என்றாள். "அவரைக் கொண்டு போனது உண்மையெண்டு முதல்முதல் எழுதின கடுதாசி இதுதான் அக்கா. பேரையும் போட்டிருக்கலாம்."

இருபத்தாறு வருடமாக ஒரே காரில் வேலைக்குப் போகிறோம். அந்த மனிதரைப் பற்றி ஒரு முழுக் கதையையே கட்டி, எழுதவைத்து, கையொப்பமும் போடவைத்த நான், அவருடைய பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

"பேர் என்னடி?" என்றேன்.

"பாலேந்திரா" என்றாள்.